நியூஜெர்சி என்று சொன்ன பொய்

முதல் தடவை எனக்கு அமெரிக்க விசா கிடைக்காமல் போனது நான் சொன்ன ஒரு பொய்யால். அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். கோவில்பட்டியில் ரயில் ஏறியதிலிருந்து எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே வந்தார்.

"உன் புருசன் எந்த ஊருல இருக்காருன்னு கேட்டா?"

"நியூஜெர்சி."

"எப்பருந்து?"

"போன நாள்லருந்து அங்கனதான்."

"வேற எங்கயும் போனாரா?"

"போகல மாமா."

"மாமான்னு அங்க போய்ச் சொல்லிறாத" என்று எச்சரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். விருதுநகர் தாண்டுவதற்குள் எனக்கு அந்தப் பொய் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது.

உண்மை வேறு. கல்யாணமாகி நானும் என் புருஷனும் சேர்ந்து இருந்தது நாலே வாரம். லீவு முடிந்து அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நியூஜெர்சியிலிருந்து ஒஹையோ, ஒஹையோவிலிருந்து டெக்சாஸ் என்று இரண்டு மாநிலம் மாறிவிட்டார். ஒவ்வொரு தடவை அவர் மாறியபோதும் என் பயணம் தள்ளிப்போனது. "ஒரு இடத்துல நெலைக்கட்டும், அப்புறம் உன்னை அனுப்புதேன்" என்பார் மாமா. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போவேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம் படித்திருந்தேன். படித்து என்ன செய்ய, வாயைத் திறக்கத் தெரியவில்லை.

மாமாவின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் கரிசல் காட்டில் ஊர் மாறுகிறவனுக்கு நல்ல பெயர் கிடையாது. மழை பொய்த்தால் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும், சொல்லிக்கொண்டு போகாது. போலீசுக்குப் பயந்தவன் போவான், ஊர்க்கட்டுப்பாட்டில் மாட்டியவன் போவான், அடுத்தவன் பெண்டாட்டியோடு போவான். ஆக, ஒருத்தன் ஒரே வருஷத்தில் மூன்று ஊர் மாறினால் என்னவோ செய்துவிட்டு ஓடுகிறான் என்றுதான் அர்த்தம். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்கள். "தம்பி இப்ப எங்கன இருக்காக? போன தடவ வேற பேரு சொன்னீகளே?" மாமா சட்டென்று, "எப்பவும் நியூஜெர்சிதான்" என்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றுகூட ஒரு பேச்சு எங்கள் தெருவில் ஓடியது. தெருவில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிற பெண்கள் நான் கடைக்குப் போகும்போது பேச்சை நிறுத்துவார்கள், நான் தாண்டியதும் தொடர்வார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, மாமா குடும்பமே ஊர் ஊராகப் போய் ஆடு மேய்த்த குடும்பம். எங்கள் குடும்பமும் அதேதான். அவர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஆட்டை விற்றுப் பசுவந்தனை பக்கம் நிலம் வாங்கினார்கள், கோவில்பட்டியில் வீடு கட்டினார்கள், மாமா உரக்கடை வைத்தார். என் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா ஆட்டை விற்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வீட்டில் ஆடு என்கிற சொல்லை ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும்போது தவிர யாரும் சொல்லமாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும், "பெண்ணோட அப்பா விவசாயம்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஐயா சிரித்துக்கொண்டே சரி என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐயா கீதாரி. ஐந்தாறு குடும்பத்து ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து, ஆட்களை வைத்து, எங்கே மேய்ப்பது, எந்த வயலில் கிடை போடுவது என்று முடிவு செய்கிறவருக்குக் கீதாரி என்று பெயர். கிடை என்பது ராத்திரி ஆடுகளை ஒரு வயலில் வலை கட்டி அடைத்துப் போடுவது. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் அதற்கு நெல் அளப்பார். தை, மாசியில் கரிசலில் அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்துப் புஞ்சைகளில் ஆடு கிடக்கும். பங்குனியில் ஆற்றுப் பாசனத்து வயல்கள் அறுப்பானதும் தாமிரபரணிப் பக்கம் பத்திக்கொண்டு போய்விடுவார். ஐப்பசியில் இங்கே விதைத்துவிட்டால் ஆட்டுக்கு இங்கே கால் வைக்க இடமிருக்காது. ஒரு வயலில் இரண்டு ராத்திரி, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் கிடந்தால் ஈரத்தில் ஆட்டுக்குக் குளம்பு புண்ணாகும். மேய்ச்சல் தீருவதற்கு முன்பே அடுத்த இடத்தைப் பார்த்துவர ஆள் அனுப்புவார். பார்த்துவிட்டு வந்த ஆளிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி கெடக்கா?" மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் நான் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்தப் பிழைப்பு பிடிக்கவே பிடிக்காது. அம்மா என்னைப் பெற்றது திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில், கிடை கிடந்த இடத்தில். என் பிறந்த ஊர் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது அம்மாவுக்கே பெயர் தெரியவில்லை. கோவில்பட்டியில் ஹாஸ்டலில் சேர்த்தபோது பக்கத்துப் பாய்க்காரி என் துணியை மோந்து பார்த்து மூக்கைப் பிடித்தாள். ஆட்டு வாடை போக ஒரு வருஷம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு இடத்தில் இருக்கிற வீடு வேண்டும், எனக்கென்று ஒரு விலாசம் வேண்டும் என்றுதான் இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்தேன். பார்த்தால், எனக்கு வாய்த்த புருஷன் எங்கள் ஐயாவையும் மிஞ்சிவிட்டார்.

சென்னையில் விசா ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருத்தர். மாமா சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஒப்பித்தேன். நியூஜெர்சி. போன நாளிலிருந்து. வேறு எங்கேயும் போகவில்லை. அந்த அம்மாள் நான் கொடுத்த காகிதங்களைப் புரட்டினார். சம்பளச் சீட்டில் டெக்சாஸ் விலாசம் இருந்தது. அதற்கு முந்திய சீட்டில் ஒஹையோ. அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் நியூஜெர்சி என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன். புருஷன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத பெண்டாட்டி என்று முடிவு கட்டியிருப்பார். இல்லை, பெண்டாட்டியே இல்லை என்று நினைத்திருப்பார். கல்யாண ஆல்பத்தைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. காகிதங்களைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வெளியே வெயிலில் நின்றிருந்த மாமா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "மாத்திச் சொல்லிட்டியா?" என்றார்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"பொறவு ஏன்?"

அந்தக் கேள்விக்கு நடுரோட்டில் நின்று பதில் சொல்ல எனக்கு அன்றைக்குத் துணிச்சல் வரவில்லை. திரும்பி வருகிற ரயிலில் அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். தப்பெல்லாம் பையன் மேல். அவன் ஒரு வருஷம் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகு மறுபடியும் மனு போடலாம். அதுவரை என் பாஸ்போர்ட் அவருடைய பீரோவில் இருக்கும்.

ஒரு வருஷம்! நாலு வாரம் பார்த்த மனிதனுக்காக ஏற்கனவே பதினாலு மாதம் காத்திருந்தேன். அவர் முகமே எனக்கு ஆல்பத்தைப் பார்த்தால்தான் தெளிவாக ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் தெருப்பேச்சு நிஜமானாலும் ஆச்சரியமில்லை என்று பயந்தேன். அந்தப் பயத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வார். வழக்கமாக மாமா பேசி, மாமியாரான அத்தை பேசி, கடைசியில் எனக்கு இரண்டு நிமிஷம் மிஞ்சும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் முதலில் எடுத்தேன். மாமா குளிக்கப் போயிருந்தார்.

"ஏன் இப்படி ஊரு ஊரா மாறுதீங்க? எனக்கு உண்மை தெரியணும்" என்றேன்.

அவர் முதலில் மழுப்பினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவரை வேலைக்கு எடுத்தது நியூஜெர்சியில் இருக்கிற ஒரு சின்ன கம்பெனி. ஆனால் வேலை எப்போதும் அங்கேயே இல்லை. அந்த முதலாளி இவரைப் போல இருபது பேரை வைத்துக்கொண்டு, எந்த மாநிலத்தில் யாருக்கு ஆள் வேண்டுமோ அங்கே அனுப்புவார். ஆறு மாதமோ எட்டு மாதமோ, அங்கே வேலை முடிந்ததும் அடுத்த மாநிலம். இடையில் வேலை இல்லாத நாட்களில் ஒரே வீட்டில் எட்டுப் பேர் தரையில் படுத்துக் கிடப்பார்களாம். அதற்குப் பெஞ்சில் இருப்பது என்று பெயராம்.

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

"என்ன சிரிக்க?"

"ஏங்க, இது கிடைங்க. உங்க முதலாளி கீதாரி. நீங்கெல்லாம் ஆடு."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அப்பாட்ட போய்ச் சொல்லிறாத தாயி" என்றார்.

"சொல்லுவேன். நீங்க எனக்கு மூணு ஊரு விலாசத்தையும், அந்தந்த எடத்துல வேல பாத்ததுக்குக் காயிதத்தையும் அனுப்புங்க. ஒண்ணையும் மறைக்காம அனுப்புங்க" என்று சொல்லி போனை வைத்தேன்.

காகிதங்கள் வந்தன. அன்று மத்தியானம் மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டேன்.

"பாஸ்போர்ட்டைக் குடுங்க மாமா."

"எதுக்கு?"

"திரும்ப மனுப் போடப் போறேன். தனியாப் போறேன். டெக்சாஸ்னு சொல்லப் போறேன்."

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தார். "மூணு ஊரு மாறுனவன்னு ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கப் போறியா? என்ன குடும்பம்னு நெனப்பான்?"

"ஆடு மேச்ச குடும்பம்னு நெனைக்கட்டும். பொய்யா அது?"

அந்த வீட்டில் அப்படி யாரும் பேசியதில்லை. என் குரல் நடுங்கவில்லை. மாமா கையை ஓங்கவில்லை, திட்டவும் இல்லை. அத்தைதான் அசைந்தாள். அவள் பொதுவாக நாங்கள் இருவர் பேசுகிற இடத்துக்கு வரமாட்டாள். இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"நான் கட்டி வந்த அன்னைக்கு இந்த வீட்டுல எட்டுக் கம்பளி கெடந்துச்சு. ஆட்டோட போறப்ப போத்துத கம்பளி. இவிய அப்பாதான் எல்லாத்தையும் எரிச்சாரு" என்று மாமாவைக் கைகாட்டி என்னிடம் சொன்னாள். பிறகு மாமாவிடம், "அவ போட்டும். புருசன் இருக்க எடத்துக்குத்தான போறா" என்றாள்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன்.

இரண்டாவது தடவை சென்னைக்குத் தனியாகப் போனேன். அதே ஆபீஸ். கண்ணாடிக்குப் பின்னால் இந்தத் தடவை வேறு ஒரு அம்மாள், இன்னும் கறாரான முகம். தமிழில் கேட்டுச் சொன்னவர் மட்டும் பழைய ஆள்தான். அவருக்கு என்னை ஞாபகம் இருந்ததோ என்னவோ, தெரியாத மாதிரி இருந்தார்.

"போன தடவை கணவர் நியூஜெர்சியில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது டெக்சாஸ் என்கிறீர்கள். எது உண்மை?"

"டெக்சாஸ்தான் உண்மை. போன தடவ பொய் சொன்னேன்."

தமிழ் ஆள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அதை இங்கிலீஷில் சொன்னார்.

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

"எங்க ஊருல ஊர் மாறுனா கேவலம். அதான் மறைச்சேன். இப்ப எனக்கு அதுல கேவலம் இல்ல."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் கணவர் ஏன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்?"

மூன்று விலாசத்தையும், மூன்று கடிதத்தையும் வரிசையாகக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். "இங்கன வேல முடிஞ்சிருச்சு, அங்கன போனாரு. அங்கன முடிஞ்சிருச்சு, இங்கன வந்தாரு. எங்க ஐயா ஆடு மேய்க்காரு. ஒரு வயல்ல மூணு ராத்திரிக்கு மேல கிடை போடமாட்டாரு. அதுக்காக அவர யாரும் ஓடுகாலின்னு சொல்ல முடியாது. வேலையே அப்படி."

தமிழ் ஆள் திணறினார். "கிடைன்னா என்னம்மா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார். விளக்கினேன். பின்னால் வரிசையில் நின்ற பட்டுச் சேலைக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகவே சொன்னேன். அவர் எப்படி மொழிபெயர்த்தாரோ, ஆடு என்கிற சொல்லுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும், அது இரண்டு தடவை வந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், கல்யாண ஆல்பத்தில் நாலு பக்கம் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு போகச் சொன்னார். வைத்துக்கொண்டால் விசா கிடைத்தது என்று அர்த்தம். வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தேன். அந்த வயதுவரை எனக்காக நானே வாங்கிக் குடித்த முதல் இளநீர் அது.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. டெக்சாஸில் வேலை முடியப் போகிறது. அடுத்து மிசௌரி. "அப்பாட்ட இப்பச் சொல்லாத. நீ வந்து சேர்ந்த பொறவு நானே சொல்லுதேன்" என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் மாமா மேல்கூட வந்ததில்லை. "உங்களுக்குமா கேவலமா இருக்கு? நான் வாய்க்கால் கரையில பெறந்த ஆளு, எனக்கே இல்லையே" என்றேன்.

கிளம்புகிற அன்று கோவில்பட்டி ஸ்டேஷனில் சொந்தம் மொத்தமும் கூடிவிட்டது. ஆளுக்கொரு பொட்டலம் கடலை மிட்டாய் கொண்டுவந்து பெட்டி மூடமுடியாமல் திணித்தார்கள். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி நின்று வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "டெக்சாஸ். பெரிய ஊரு. அங்கனயே நெலையா இருந்துருவான்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. டெக்சாஸ் என்று வாய்விட்டுச் சொல்லவே அவருக்கு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒரு நிமிஷம் விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மிசௌரிக்கு ஒரு பொய், அதற்கடுத்த ஊருக்கு ஒரு பொய்.

"டெக்சாஸ் இல்ல மாமா, அது முடிஞ்சு போச்சு" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இப்ப மிசௌரி. அதுக்கடுத்து எங்கன்னு எங்களுக்கே தெரியாது. மாறுனா போன் பண்ணுதேன்."

சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "இன்னொரு ஊரா?" என்று வாயில் கையை வைத்தாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்போதுதான் ஐயா வந்தார். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கிடை போட்டிருந்தார். ஆட்டை ஆளிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து நேரே வந்திருந்தார். கால் விரல்களுக்கிடையே கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. தோளில் துண்டு, துண்டில் அந்த வாடை. அவர் நெருங்கியதும் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். மரியாதைக்கு விலகவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் பெட்டியை வைத்துவிட்டு அத்தனை பேருக்கும் நடுவில் போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். எழுந்தபோது என் புதுச் சேலையில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

அதுவரை வந்தவர்கள் எல்லாரும் கேட்டது சொந்த வீடா, கார் இருக்கா, எத்தனை ரூம், எப்போது நிரந்தரம் என்றுதான். ஐயா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"புதுசாப் போற எடத்துல தண்ணி கெடக்கா தாயி?"

"பெரிய ஆறு ஓடுதாம் ஐயா."

"அப்பம் போயிட்டு வா" என்றார்.

ரயில் நகர்ந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நாங்கள் நாலு மாநிலம் மாறிவிட்டோம். ஊருக்கு வரும்போதெல்லாம் ஏன் மாறினீர்கள் என்று கேட்காத ஆள் கிடையாது. ஒருவரிடமும் நான் மழுப்பியதில்லை. தண்ணி கிடக்கிறதா என்று கேட்டவர் மட்டும் ஐயாவுக்குப் பிறகு யாரும் இல்லை. ஒவ்வொரு தடவை மாறும்போதும் சாமான் கட்டுவதற்கு முன்னால் அதை நானே கேட்டுக்கொள்கிறேன்.